மருதவிளை ஏற்றத்துச் சத்தியபாய்

தார் ரோட்டில் கிடக்கும் கல்லைச் சத்தியபாய் தாண்டிப் போக மாட்டாள். மருதவிளை முக்கில் இருபது வருடமாக எல்லோரும் கண்டது இது. விடிந்ததும் பால் சொசைட்டியைத் திறக்கப் போகும்போதும், கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை உடுத்திப் போகும்போதும், சவப்பெட்டிக்குப் பின்னால் பாடிக்கொண்டு நடக்கும்போதும் ஒரு கல்லைக் கண்டால் குனிந்து எடுத்து ஓடைக்குள் எறிவாள். அதற்குப் பிறகுதான் அடுத்த அடி. ஆட்டோ ஸ்டாண்டில் அவளுக்குக் 'கல்லுபாய்' என்றே பெயர்.

"அக்கா, மலையில இன்னும் கொஞ்சம் கல்லு பாக்கி உண்டு. அதயும் பெறக்கிப் போடண்டாமா?" என்று யாராவது கேட்பார்கள்.

"மொதல்ல உனக்க தலைக்குள்ள கெடக்கத எடுக்கட்டு மக்கா. மலைய பொறவு பாக்கலாம்" என்பாள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஹைவே ஒரு மேட்டின்மேல் ஏறி இறங்குகிற இடம்தான் மருதவிளை. கேரள எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில் உள்ள குவாரிகளிலிருந்து பாறையும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் இந்த ஏற்றத்தில் முக்கி முனகித்தான் ஏறும். பாரம் ஏற்றிய பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை எந்த டிரைவரும் முழுதாக நம்ப மாட்டான். நிறுத்தியதும் இறங்கி, பின் டயருக்குக் கீழே பெரிய கல்லாக ஒன்றை வைப்பான். வண்டி பிறகு போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு கல்லில்தான் சத்தியபாயின் கணவர் ராஜதாஸ், பெயின்ட் வேலை முடிந்து மழையில் பைக்கில் வந்தபோது ஏறி விழுந்தார். அவருடைய இடது முட்டி அன்றிலிருந்து மடங்குவதில்லை. சத்தியபாய் குனியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கூட நேரத்தில் இந்த லாரிகள் ஓடக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகளுக்காகப் போட்ட சட்டம்தான். நேரம் ஆனதும் லாரிகள் ஓடாது, வாஸ்தவம். ஆனால் எங்கே நிற்கும்? மருதவிளை ஏற்றத்தின் ஓரத்தில், ஒன்றின் மூக்கு மற்றதன் வாலில் முட்டும்படி வரிசையாக நிற்கும். பிள்ளைகள் நடந்து போகிற மண்பாதை அதுதான். பாதை போய்விட்டதால் சிலர் லாரிக்கும் ஓடைக்கும் நடுவே ஒடுங்கி நடப்பார்கள். மற்றவர்கள் தாரில் இறங்கி, பறந்து வரும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பார்கள். தடை நேரம் முடிந்ததும் எல்லா லாரியும் ஒன்றாக உறுமும். இழந்த நேரத்தைப் பிடிக்க வேண்டுமே.

சொசைட்டி வாசலில் பால் அளந்துகொண்டே சத்தியபாய் இதைத் தினமும் பார்ப்பாள். பிறகு அடுத்த ஆள் தூக்குப்பாத்திரத்தை நீட்டுவான், அவளும் அளக்கப் போய்விடுவாள்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். சொசைட்டிக் கணக்கை முடித்துவிட்டுக் கேனும் கையுமாக அவள் லாரி வரிசையோரம் நடந்து வந்தாள். ஒரு டயருக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, கல் கிடந்தது. போன லாரி விட்டுப்போனது என்று நினைத்தாள். எடுத்து ஓடைக்குள் எறிந்தாள். கல் தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

அது போன லாரியின் கல் அல்ல. பின்னால் ஒரு வண்டிக்கு இடம் விட, மோகனன் என்ற டிரைவர் தன் லாரியை இத்திரிப்போல, ஒரு சாண் அளவுக்கு, முன்னுக்கு எடுத்திருந்தான். கல் பின்னால் தங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டுவிட்டு, கல் இருக்கும் தைரியத்தில் அவன் சாயா குடிக்கப் போனான்.

லாரி மெதுவாகத்தான் பின்னால் உருண்டது. சொசைட்டியில் பால் கொடுக்கும் பிந்துவின் மகள் நீது, ஏழாம் வகுப்புக்காரி, அப்போது அந்த லாரிக்கும் பின்னால் நின்ற லாரிக்கும் நடுவே நுழைந்து கடந்துகொண்டிருந்தாள். பிள்ளை பின்னால் துள்ளினாள். ஆனால் வலது பாதம் டயருக்கடியில் மாட்டிக்கொண்டது.

அலறல் கேட்டுச் சத்தியபாய் திரும்பி ஓடிவந்தபோது கூட்டம் கூடிவிட்டது. பிள்ளையை ஆட்டோவில் ஏற்றினார்கள். சாயா கிளாஸோடு ஓடிவந்த மோகனனின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

"எலே, பிரேக் இல்லாத வண்டியாடே நீ ஓட்டுத?"

"கல்லு வச்சிருந்தேன் அண்ணா! சத்தியமாட்டு வச்சிருந்தேன்!"

"எங்கல இருக்கு கல்லு? காட்டுல பாப்பம்!"

மோகனன் டயருக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் விழுந்த அடியைவிட, தன் கண்ணையே நம்ப முடியாமல் அவன் திகைத்த திகைப்புதான் சத்தியபாயை உலுக்கியது. கேனைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"அவன அடிக்காதீங்கோ! கல்ல எடுத்தது நானாக்கும்! நானாக்கும் எடுத்தேன்!"

யாரும் காதில் வாங்கவில்லை. கேட்ட ஒருவனும், "அக்காளுக்கு ரத்தம் கண்டு தலை சுத்துது, தண்ணி குடுங்கடே" என்றான்.

ஸ்டேஷனுக்கும் போனாள். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் மலையாளத்தில் அன்பாகத்தான் சொன்னார். "சேச்சி, வண்டி உருண்டது பிரேக் சரியில்லாததினால். கல்லுக்கு எதிராக ஞான் கேஸ் எழுத முடியுமோ? வீட்டில் போ."

மெடிக்கல் காலேஜில் நீதுவின் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த பிந்துவிடம் சத்தியபாய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"எனக்கு இப்பம் உங்ககிட்ட சண்ட போடத் தெம்பில்ல அக்கா" என்றாள் பிந்து. "நீங்க எடுக்கலேன்னாலும் அந்த லாரியெல்லாம் அங்கதானே நிக்கும். இன்னொரு பிள்ளைக்கி வராம பாக்க ஒக்குமா? ஒக்குமானா அதச் செய்யுங்க."

"செய்யுதேன்" என்றாள் சத்தியபாய்.

ஜூலையில் மோகனன் சொசைட்டிக்குத் தேடி வந்தான். உதட்டில் தையல் போட்ட தழும்பு. அன்று அவள் கத்தியது அவன் காதிலும் விழுந்திருந்தது. லைசென்ஸை முடக்குவதற்கு முன் அவனிடம் விசாரிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் கூப்பிடுவார்கள், நாள் இன்னும் குறிக்கவில்லை.

"அக்கா, பிரேக் பழசுன்னது செரிதான், அத நான் இல்லேன்னு செல்ல மாட்டேன். ஆனா கல்லே வைக்காம சாயா குடிக்கப் போனவன்னு எழுதி வச்சிருக்கானுவ. நீங்க வந்து ஒரு வார்த்த சென்னா போதும்."

"வாறேன் மக்கா. நீ கேக்கண்டாம், நானே வந்து நிப்பேன்."

இப்படி ஒரே கல்லினால் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பிந்துவுக்குக் கொடுத்த வாக்குக்கு அவள் கண்ட வழி, ஏற்றத்தின் உச்சியில் இருக்கும் மிஷன் சபையின் மைதானம். சமநிலம். ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண நாளும் தவிர சும்மா கிடப்பது. தடை நேரத்தில் லாரிகளை அங்கே ஏற்றி நிறுத்தினால் கல்லும் வேண்டாம், மண்பாதையும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். டிரைவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினாள். என்ஜினை அணைக்க வேண்டும், எண்ணெய் சொட்டாமல் கீழே தகரம் வைக்க வேண்டும், புறப்படும்போது கேட்டில் ஆள் கைகாட்டினால்தான் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். ரோட்டோரத்தில் வெயில் காய்ந்தவர்களுக்கு மைதானத்துப் புளியமர நிழல் கசக்கவா செய்யும்? எல்லோரும் சரி என்றார்கள்.

சபைக் கமிட்டிதான் அசையவில்லை. ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் செயலாளர் சுவாமிதாஸ் முதல் நாளே கையை விரித்தார்.

"தரைக்கி இன்டர்லாக் போட்டு ஒரு வருசம் ஆகல்ல. அதுக்க மேல டாரஸ் ஏத்தவா? தேவனுக்க முற்றத்துல டீசல் மணக்கப்பிடாது கேட்டியா."

"அசன விருந்து நாளுக்கு அந்த முற்றத்துலதானே ஆட்ட அறுக்குதோம். அந்த மணத்தத் தாங்குத தேவன் டீசலத் தாங்க மாட்டாராக்கும்?"

பெண்கள் சங்கத்தில் சிரிப்பு எழுந்தது. சுவாமிதாஸ் சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் இழுத்தார். அவள் கமிட்டிக்காரர்களின் வீடு வீடாகப் போனாள். ராஜதாஸ் மடங்காத காலோடு கூடவே நடந்தார். "இவ கூட நடந்தா கால் மடங்காட்டாலும் தேஞ்சுபோவும்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொன்னார்.

போதகர் மாற்றலாகிப் போவதற்கு முன் கடைசிக் கமிட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்று அறிவித்தார்கள். புதிதாக வருகிறவர் எப்படிப்பட்டவரோ, அன்று விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மோகனனின் விசாரணையும் அதே செவ்வாய்க்கிழமை, மதியத்துக்கு முன். கமிட்டி சீக்கிரம் முடியும், முடிந்ததும் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் பிடித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கமிட்டி சீக்கிரம் முடியவில்லை. பெண்கள் சங்கத்தாரோடு அவள் உட்கார்ந்து காத்திருக்க, ஜெனரேட்டர் ரிப்பேர், கல்லறைச் சுவர், பாடகர் குழுவின் மைக் என்று ஒவ்வொன்றாக நீண்டது. அவள் கைபேசி மடியில் அதிர்ந்தது. மோகனன். எடுத்து, "இப்பம் வாறேன்" என்று கிசுகிசுத்தாள். மைதானத்தின் முறை வந்தபோது சுவாமிதாஸ், "இதுக்கு என்ன பேச்சு? கை தூக்கச் செல்லுங்க, முடியட்டு" என்றார். சத்தியபாய் சுற்றிலும் பார்த்தாள். இப்போது கை தூக்க விட்டால் தோல்விதான். எழுந்து பஸ்ஸுக்குப் போனாலும் தோல்விதான். கைபேசி மறுபடி அதிர்ந்தது.

அதை அணைத்தாள். எழுந்து நின்றாள்.

"ஐயா, கை தூக்குததுக்கு முன்ன எல்லாரும் ஒருக்கா ரோடுவரைக்கும் வாங்க. செயலாளர் அண்ணன் ஒரே ஒரு தரம் லாரியில ஏறி இருக்கட்டு. பொறவு என்னவேணும்னாலும் செய்யுங்க."

போதகருக்கு விஷயம் பிடித்திருக்க வேண்டும், முதலில் எழுந்தவர் அவர்தான். வரிசையில் நின்ற ஒரு லாரியில் சுவாமிதாஸை டிரைவர் கைகொடுத்து ஏற்றினான். வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். சத்தியபாய் பெண்கள் சங்கத்தாரை அழைத்துக்கொண்டு பிள்ளைகள் ஒடுங்கி நடக்கும் இடதுபக்கத்தில் கதவை ஒட்டி நின்றாள்.

"அண்ணா, எங்கள எண்ணிச் செல்லுங்க!"

"எங்க போனிய எல்லாரும்?" என்றார் சுவாமிதாஸ் மேலேயிருந்து. "ஏய், வெளையாடாதீங்க. எங்க நிக்கிய?"

"உங்களுக்கக் காலுக்குக் கீழதான் நிக்கோம்! வண்டிய எடுங்க பாப்பம்!"

சத்தம் மட்டும் வந்தது, ஒருத்தியின் தலைமுடிகூட அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தார், ஜன்னல்வரை எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கி இடதுபக்கம் சுற்றி வந்தார். வரிசையாக நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் நின்றது அவருடைய மனைவி.

"நாளைக்கே கேட்டத் தொறந்து விடலாம்" என்றார். "இன்டர்லாக் உடஞ்சா பொறவு பாக்கலாம்."

கைகள் உயர்ந்ததைக் கண்ட பிறகுதான் அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். ஆபீஸ் படியேறியபோது வெளியே யாரும் இல்லை. உள்ளே சோற்றுப்பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மோகனனா? அது கழிஞ்ஞு. லைசென்ஸ் ஆறு மாசம் சஸ்பென்ட்." பிறகு சத்தியபாயை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு அக்கா வரும், அக்கா வரும்னு பறஞ்ஞு வாசல்லயே நின்னாரு. அது நீங்களாணோ?"

சத்தியபாய் ஆமென்று தலையை ஆட்டினாள். தான் இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். அப்பீல் போட வேண்டியது லைசென்ஸ்காரன்தான், அவன் வந்தால் சாட்சியாக இவளும் வரலாம் என்றார்கள்.

அவன் போனை எடுக்கவில்லை. அடுத்த வாரம் எல்லையைத் தாண்டி அவன் வீட்டுக்கே போனாள். வண்டி முதலாளி லாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், மோகனன் கோயம்புத்தூரில் ஏதோ குடோனில் சுமை தூக்கப் போய்விட்டான் என்று அவன் மனைவி வாசலில் நின்றே சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை. "நீங்க வந்தியன்னு செல்லுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பள்ளிக்கூட நேரத்தில் மருதவிளை ஏற்றத்தில் லாரி நிற்பதில்லை. நீது மண்பாதையில் நடந்து போகிறாள். வலதுபக்கம் லேசாகச் சாய்வாள், அவ்வளவுதான். கேட்டில் கைகாட்டும் வேலையைச் சத்தியபாயே செய்கிறாள். மோகனனை அறிந்த டிரைவர் யார் வந்தாலும், அவனைத் தன்னிடம் ஒரு தரம் பேசச் சொல்லும்படி கேட்கிறாள். அந்த ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. கல் வைக்காதவன் என்ற எழுத்து மட்டும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் காகிதத்தில் அப்படியே இருக்கிறது.

"நீ அண்ணைக்கி எந்திரிச்சுப் போயிருந்தா மைதானம் கிட்டியிருக்குமா சத்யா? இனியும் ஏன் கெடந்து வெசனப்படுத?" என்று ராஜதாஸ் ஒருநாள் கேட்டார்.

"இன்னொருக்கா அந்த நாள் வந்தாலும் நான் அங்கதான் இருப்பேன்" என்றாள். "அதுக்காவ அவனுக்குக் குடுத்த வாக்கு இல்லேன்னு ஆவுமா?"

அடுத்த லீவுக்குக் கோயம்புத்தூர் போக இருவருக்கும் ரயில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாள். எந்தக் குடோன் என்று இன்னும் தெரியவில்லை. மோகனன் கல் வைத்திருந்தான் என்று அவள் சொல்ல வேண்டிய சாட்சி இதுவரை எந்த ஆபீஸிலும் சொல்லப்படவில்லை.