குடோனை எரிக்கச் சொன்ன தோழர்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன்.

கூலி உயர்வுக்காக நெசவாளர்கள் நாங்கள் கூட்டம் போட்டபோது அவர் வந்து சேர்ந்தார். வெளுத்த சட்டை, நரைத்த மீசை. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைப் பார்த்தே நெசவாளி வீட்டுப் பிள்ளை என்று நம்பினோம். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

"எத்தினி நாளைக்குப்பா மனு குடுத்துக்கினு இருப்பீங்க? முதலாளி குடோன் எரிஞ்சாத்தான் கூலி ஏறும்" என்றார் ஒருநாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். என் தம்பி மட்டும், "நான் வரேன் தோழர்" என்றான். மண்ணெண்ணெய் கேனை அவரே கொண்டுவந்து கொடுத்தார். குடோன் வாசலில் போலீஸ் காத்திருந்தது. தம்பி மட்டும் பிடிபட்டான்.

பிறகு அவரைக் கோர்ட்டில் பார்த்தேன். போலீஸ்காரர்களோடு சிரித்துப் பேசி டீ குடித்துக்கொண்டிருந்தார். உளவுப் பிரிவு ஆள் என்றார் எங்கள் வக்கீல். எனக்கு யாரிடமும் பேச வராது. அன்று கேட்டுவிட்டேன்.

"நீங்கதானே எரிக்கச் சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயுந்தான் சொன்னேன். மத்தவங்க வாய மூடிக்கினு இருந்தாங்க இல்ல? உன் தம்பிக்கு மட்டும் இன்னா வந்துச்சிபா?"

தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். கூலி ஏறவில்லை. கூட்டத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை. ஆனால் எங்கள் வயிற்றெரிச்சலை அவரைப்போல எடுத்துச் சொன்னவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆவணி அமாவாசை, தறி ஓடாத நாள்.