சிவப்பு அலமாரியும் கண்ணப்பன் கொள்கையும்

“கலர் அடிச்சு வச்சிட்டா போதும். கண்ணு இருக்கிற மனுசன் எவனும் தப்பு பண்ண முடியாது.”

1991-ஆம் ஆண்டு, பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் கண்ணப்பன் இவ்வாறு அறிவித்தார். கேட்டவர்கள் மறுக்கவில்லை. அவர்கள் டீக்கு அவர்தான் காசு கொடுப்பதாக இருந்தது.

கண்ணப்பன் சும்மா பேசுகிற ஆள் இல்லை. மண்ணூர்ப் பக்கத்துப் பம்பு கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். நல்ல உருப்படி பச்சைத் தொட்டிக்குப் போகும், சந்தேகம் மஞ்சளுக்கு, உதவாதது சிவப்புக்கு. ஷிஃப்ட் முடிந்ததும் சிவப்புத் தொட்டியைக் கொல்லையில் கொட்டிவிட்டுத்தான் அவர் கை கழுவுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் வேலை.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் வீட்டில் உப்புப் போட்ட டீ வந்தது.

அவர் மனைவி காந்திமதியைக் குறை சொல்ல வழியில்லை. வீட்டுக்காரருக்கு முதல் ஷிஃப்ட், கொழுந்தன் இராமச்சந்திரனுக்கு நைட் ஷிஃப்ட், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாமியார் செல்லம்மாளுக்கு நினைத்தபோதெல்லாம் டீ. அந்த அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை. புகை படிந்த பலகையில் டப்பாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

கண்ணப்பன் சீர்திருத்தத்தில் இறங்கினார். மெஷின் வந்த பெட்டிப் பலகைகளைக் கம்பெனியில் ஏலத்தில் எடுத்து, ஆசாரி தாவீதைக் கூப்பிட்டுச் சுவர் முழுக்கக் கதவு வைத்த அலமாரிகள் அடிக்கச் செய்தார்.

“அண்ணே, இன்னா கலர்னு அண்ணியக் கேட்டீங்களா?” என்றார் தாவீது.

“அவள இன்னாத்துக்குக் கேக்கணும்? கலரு என் டிபார்ட்மெண்டு.”

காந்திமதிக்கு நீலம் வேண்டும். பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அடுப்பு முன்னால் நிற்கிறவள். கண்ணுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டுமே என்று ஆசை. வந்ததோ பச்சை, மஞ்சள், அடுப்புக்கு நேர்மேலே ரத்தச் சிவப்பு. எரியும்போது இரண்டு அடுப்பு மாதிரி இருந்தது.

கண்ணப்பன் விளக்கவுரை ஆற்றினார். “பச்சைல அரிசி, பருப்பு. மஞ்சள்ல மாவு, மீந்தது. செவப்புல மொளகாத்தூளு, புளி, ஊறுகா, கருவாடு. செவப்புன்னா டேஞ்சரு, புள்ளைங்க கை வைக்காது.”

“உங்க கம்பெனில செவப்புல இன்னா போடுவீங்க?”

“ரிஜெக்ட்டு.”

“அப்ப என் ஊறுகா ரிஜெக்ட்டா?”

“அது கம்பெனி, இது வூடு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத.”

“கொழப்பிக்கினு நிக்கிறது நான் இல்ல,” என்றாள் காந்திமதி.

செல்லம்மாள் நடுவர் ஆனாள். “ஏன்டா கண்ணப்பா, அடுப்பாண்ட நிக்கிறவ அவ. அவ கேட்ட கலர அடிச்சா உன் வேலை பூடுமா?”

கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குள் வீட்டில் யாராவது ஒருவர் கலரால் தப்புச் செய்தால், மொத்த அலமாரியும் நீலம். இல்லாவிட்டால் காந்திமதி இனிமேல் வாயைத் திறக்கக்கூடாது.

கொள்கை வென்றுகொண்டே போனது. தூக்கக் கலக்கத்தில் வந்த இராமச்சந்திரன்கூடச் சரியான கதவைத் திறந்தான். கண்பார்வை மங்கிய செல்லம்மாள் பச்சையைத் தடவிப் பருப்பை எடுத்தாள். கண்ணப்பன் டீக்கடையில் தினமும் வெற்றி அறிக்கை வாசித்தார். காந்திமதி மட்டும் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பொழுதுக்கும் நிற்கிற இடம். அங்கே ஒரு கதவின் கலர்கூடத் தன் இஷ்டம் இல்லை என்பது அவளுக்கு மிளகாய் நெடியைவிட அதிகமாக எரிந்தது.

கிருத்திகைக்கு முதல்நாள் கண்ணப்பன் ஓவர்டைம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு வந்தார். உடம்பு வீட்டில் இருந்தது, புத்தி இன்னும் கம்பெனி லைனில் நின்றது. காந்திமதி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கை கழுவலாம் என்று அடுக்களைக்குள் நுழைந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சிவப்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நிறைந்து வழிந்தது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஷிஃப்ட் முடிந்தும் காலி செய்யாமல் விட்டிருக்கிறார்களே.

மூலையில் கிடந்த கோணியை உதறி, உள்ளே இருந்ததையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு, கொல்லைப்புறக் குப்பைக்குழிக்குப் போய்க் கவிழ்த்தார். வைக்கோல் குப்பையில் மெத்தென்று விழுந்த ஊறுகாய் ஜாடி உருண்டு வந்து அவரைப் பார்த்தபடி நின்றது. மிளகாய்த்தூள் டின் மூடி திறந்துகொண்டு அவரைத் தும்ம வைத்தது. மூன்றாவது தும்மலில்தான் கண்ணப்பன் கம்பெனியிலிருந்து முழுசாக வீடு வந்து சேர்ந்தார்.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு நாய்தான் இருந்தது. அதுவும் கருவாட்டுப் பொட்டலத்தோடு புறப்பட்டுவிட்டது. சத்தம் போடாமல் குழிக்குள் இறங்கி, புளிப்பானையை எடுத்துச் சட்டையால் துடைத்தார்.

தலைக்கு மேலே நிழல் விழுந்தது. இடுப்பில் குடத்தோடு காந்திமதி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் புளிப்பானையை நீட்டினார், வாங்கி வைத்தாள். டின்னை நீட்டினார், வாங்கி வைத்தாள்.

“நீலத்துல,” என்று குழிக்குள்ளிருந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார் கண்ணப்பன், “வானத்துக் கலரா, மயில் கழுத்தா?”

“மொதல்ல அந்த ஜாடியக் குடு.”