பிரிட்ஜுக்கு மேலே துவக்குகள்

மூன்று வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற தொழிலில் முதலில் பழுதாவது கம்பளம், அடுத்தது பொறுமை. எனக்கு இரண்டாவது ஆரம்பத்திலேயே இருக்கவில்லை. "வீட்டில சும்மாதானே இருக்கிறீர்" என்று என் பெயரை இங்கத்தைய நகரசபையான கொம்யூனில் கொடுத்தவர் என் கணவர். இதே தொழிலில் அகப்பட்ட சகோதரிகளே, அந்தச் 'சும்மா' எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவை ஊரில் யுத்தம் முடிந்த அந்த வருடம், டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் வீட்டில் நடந்தவை.

பாண் துவக்கு

ஈடா என்று ஒருத்தி. இரண்டே முக்கால் வயது, மூன்று அண்ணன்மாருக்குத் தங்கை. மத்தியானம் கறுப்புப் பாண் துண்டைக் கையில் கொடுத்தால், இரண்டு கடி கடித்து, மிச்சத்தைத் திருப்பிப் பிடித்து, என் நெற்றிக்கு நேரே நீட்டி "பாங்!" என்பாள். நான் கொன்வென்ற்றில் படித்தவள். எங்கள் மதர் பறித்த சாமான்களையெல்லாம் அலுமாரிக்கு மேலே வைப்பார்; வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டால்தான் திரும்பக் கிடைக்கும். அதே சட்டத்தை நான் பிரிட்ஜுக்கு மேலே கொண்டுவந்தேன். இந்த வீட்டில் துவக்குக் கிடையாது, முடிந்தது கதை.

அன்று பாண், மறுநாள் தடி, அதற்கடுத்த நாள் வாழைப்பழம். எல்லாம் மேலே போயின. பின்னேரம் கூட்டிப்போக வந்த தகப்பன் ஹென்றிக்கிடம், காய்ந்து வளைந்த பாண் துண்டை ஒரு நீதவானிடம் கொடுப்பதுபோலக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரண்டு கடி கடிச்சிருக்கிறாளா? வீட்டில தொடவும் மாட்டாளே!"

இரும்பு அலுமாரி

ஹென்றிக் மான் வேட்டைக்குப் போகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. விடுவேனா? வருத்தம் எங்கிருந்து தொற்றியது என்று தெரிந்துவிட்டதே! வாசலிலேயே மறித்துக் கேட்டேன். மனுசன் சப்பாத்தைக் கழற்றியபடி ஆறுதலாக விளக்கினார். துவக்கு இரும்பு அலுமாரியில், தோட்டா வேறு பெட்டியில். அதற்கு ஒரு சோதனை எழுதிப் பாஸாக வேண்டும். ஈடா அதைக் கண்ணாலும் கண்டதில்லை. லஞ்சமாக ஒரு பொதி மான் இறைச்சியும் தந்தார்.

"துவக்கோட நீங்கள் நிக்கிற படம் ஒன்றாவது வீட்டில மாட்டியிருக்குமே?" என்று மடக்கினேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சுவரில ஓட்டை போடுற மெஷினோட யாராவது நின்று படம் எடுப்பாங்களா?"

சனிக்கிழமை உடுப்பு

மாசியில் இங்குள்ள பிள்ளைகள் வேஷம் போடும் நாள் வரும். ஈடா அந்த வருடம் தேனீ. அதே மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆட்களின் மண்டப நிகழ்ச்சி. ஹ்விடோவ்ரேயில் இதே தொழில் செய்கிற சாந்தியின் நாலு வயதுப் பேரன், இயக்கப் போராளிகளின் வரியுடுப்போடும் மரத் துவக்கோடும் மேடையில் நடந்தான். மண்டபமே எழும்பிக் கைதட்டியது. பாதிப்பேர் அழுதோம். வன்னியில் யாருக்கு என்ன நடந்ததென்று தெரியாமல் கிடந்த நாட்கள். அழுவதற்கும் ஒரு இடம் வேண்டியிருந்தது.

இன்னொருவர் சொல்லி நீங்கள் அறியக்கூடாது, நானே சொல்லிவிடுகிறேன்: அந்த உடுப்பைத் தைத்தது நான். திங்கள் முதல் வெள்ளி வரை வாழைப்பழம் பறித்த அதே கைகள். நிகழ்ச்சி முடிய சாந்தி வந்து என் தோளைத் தட்டினாள். "உடுப்பு நல்ல வடிவு. துவக்குத்தான் அவனுக்குக் கொஞ்சம் பெரிசாப் போச்சு, அடுத்தமுறை சின்னனாச் செய்விப்பம்."

சோபாவுக்கு மேலே ஒருவன்

எங்கள் சோபாவுக்கு மேலே என் தம்பி ரஞ்சனின் படம் மாட்டியிருந்தது. இயக்கத்துக்குப் போனபின் எங்களுக்குக் கிடைத்த ஒரே படம். மடியில் துவக்கு, முகத்தில் பள்ளிக்கூடம் கட்டடித்த சிரிப்பு. தை மாதத்தோடு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. தினமும் அதைத் துடைத்தேன். சிரிப்பை மட்டும்தான் பார்த்தேன் போலிருக்கிறது.

ஒருநாள் ஈடாவின் தடியைப் பறித்தபோது, அவள் சோபாவில் ஏறி அந்தப் படத்தைச் சுட்டினாள். சொன்னது டெனிஷில்; எனக்குக் கேட்டது யாழ்ப்பாணத் தமிழில். "இவரிட்டயும் துவக்கு இருக்கு. அப்ப இவரும் பிரிட்ஜுக்கு மேல போகவேணும்."

பெரியவர்களுக்குச் சட்டம் வேறு என்று அதட்டி இறக்கிவிட்டேன்.

கடதாசிச் சங்கிலி

வைகாசியில் ஈடாவுக்கு மூன்று வயது. பிறந்தநாளுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் கடதாசிச் சங்கிலி ஒட்டினோம். யுத்தம் முடிந்துவிட்டதென்று ரிவி சொல்லி இரண்டு நாள். பால் சூடாக்கப் போய்த் திரும்பி வருகிறேன், ரஞ்சனின் படத்தில் மாலை தொங்குகிறது.

செத்தவர்களின் படத்துக்குத்தான் நாங்கள் மாலை போடுவோம். பால் எங்கே விழுந்ததென்று தெரியாது. கத்திக்கொண்டு பாய்ந்து அதைப் பிய்த்தேன். நான்கு பிள்ளைகளும் ஒன்றாக அலறினார்கள், ஐந்தாவதாக நான். ஹென்றிக் வந்தபோது எல்லோரும் நிலத்தில்தான் இருந்தோம். விக்கி விக்கி விளக்கினேன். அவர் பாலைத் துடைத்தார். ஈடாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் வழக்கை வாதாடினாள்: "நான் துவக்கைத்தான் மூடினன். முகத்தை மூடேல்லை."

அவர்கள் போனபின் படத்தைக் கழற்றினேன். பிரிட்ஜுக்கு மேலே, ஒரு தடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆனியில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் நித்திரை. தெரியாத இலக்கத்திலிருந்து போன். "அக்கா, நான்தான். முகாமில இருக்கிறன், கனக்கக் கதைக்கேலாது. அந்தப் படம் இன்னும் சுவரிலயோ? கழட்டுங்கோ."

"கழட்டியாச்சடா. பிரிட்ஜுக்கு மேல கிடக்கு. வீட்டாள் நேரில வந்து கேட்டால்தான் குடுப்பன்."

பிறகு அந்தப் பழைய சிரிப்பு. "அப்ப நான் வந்து கேக்கிறன், அக்கா. துவக்கை மட்டும் நீங்களே வைச்சிருங்கோ."

தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பிள்ளையின் கையிலிருந்து துவக்கைப் பறிக்க ஒரு நிமிடம் போதும், சொந்தச் சுவரிலிருந்து கழற்ற ஒரு யுத்தம் முடிந்து, மூன்று வயதுக்காரி ஒருத்தி மாலையும் போட வேண்டியிருக்கிறது.