படத்தில் நின்ற பிள்ளை

றொஷானி படிப்பதற்காக லண்டனுக்கு வந்தது 2009ஆம் ஆண்டு ஜனவரியில். சுவீடனில் நொர்சோப்பிங் என்ற ஊரில் வளர்ந்தவள். தாய் தகப்பனோடு அங்கே போய் இறங்கியபோது அவளுக்கு நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. பேசத் தொடங்கியபோது வீட்டில் தமிழும் வெளியே சுவீடிஷுமாகப் பேசினாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நகரத் திட்டமிடலில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்ததும், தாயின் சினேகிதி மூலமாகக் கோலியர்ஸ் வுட்டில் ஒரு தமிழ் வீட்டில் மேல்மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தந்தார்கள்.

வீட்டுக்காரர் புவனேந்திரன் ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்தவர். ரூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மனைவி நகுலேஸ்வரி வீட்டோடுதான் இருந்தார். பிள்ளைகள் இல்லை.

றொஷானிக்கு லண்டன் ஒரு பழைய ஊராகவே தெரிந்தது. சுவீடனில் அவள் வங்கிக் கணக்கு, வாடகை, டொக்டரிடம் நேரம் எடுப்பது எல்லாவற்றையும் கணினியில் முடித்துப் பழகியவள். இங்கே வங்கியில் கணக்குத் திறக்க விலாசத்துக்குச் சாட்சியாகக் காஸ் பில் கேட்டார்கள். காஸ் பில் புவனேந்திரனின் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கு இல்லாமல் இன்ரநெற் இணைப்புத் தர மாட்டோம் என்றது இணைப்புக் கொம்பனி. புவனேந்திரன் இன்னும் செக் எழுதித்தான் கவுன்சில் வரி கட்டினார். இதையெல்லாம் அவள் சுவீடிஷில் ஒரு வலைப்பதிவாக எழுதினாள். சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத்தண்ணீருக்கு ஒன்று என இரண்டு குழாய் வைத்திருக்கும் கைகழுவும் தொட்டியைப் படம் எடுத்துப் போட்டாள். நொர்சோப்பிங் சினேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்துப் பின்னூட்டம் எழுதினார்கள்.

கடைசியில் அவள் மடிக்கணினியில் செருகும் ஒரு இன்ரநெற் குச்சியை வாங்கி வந்தாள். அது மேல்மாடியில் வேலை செய்யவில்லை. வீடு முழுக்கக் கொண்டு திரிந்து பார்த்ததில், சமையலறையின் பின்பக்க யன்னலடியில் மட்டும் சிக்னல் நின்றது. அப்படித்தான் றொஷானியின் கணினி நகுலேஸ்வரியின் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது.

நகுலேஸ்வரியின் ஒரே தம்பி கிருஷ்ணராசா, மனைவியோடும் மகள் லோஜினியோடும் இலங்கையில் வன்னியில் இருந்தார். ஜனவரிக்குப் பிறகு அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை. நகுலேஸ்வரி வாங்கி வைத்த அழைப்பு அட்டைகள் உரசாமலே அலமாரியில் கிடந்தன. சண்டை நடக்கும் இடம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு போவதாகக் கடைக்கு வருபவர்கள் சொல்லிப் புவனேந்திரன் கேட்டுக்கொண்டு வருவார். ஆனால் வீட்டில் வாய் திறக்க மாட்டார்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நகுலேஸ்வரி, அந்தப் பெட்டிக்குள் ஊர்ச் செய்தியும் வருமோ என்று கேட்டார். றொஷானி தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்தாள். அவளால் வேகமாக வாசிக்க முடியவில்லை. நகுலேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசித்தார். அன்றிலிருந்து அது வழக்கமானது. கணினியின் எலியைப் பிடிப்பது றொஷானி, எழுத்தைப் படிப்பது நகுலேஸ்வரி.

படங்களும் வந்தன. முதலில் தூரத்துப் புகை, தறப்பாள் கூரை போட்ட கொட்டில்கள். பிறகு ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தவர்கள். பிறகு வந்தவற்றை றொஷானி எவரிடமும் விவரித்ததில்லை. விரிவுரை முடிந்து வந்ததும் அவள் முதலில் தனியாக எல்லாவற்றையும் திறந்து பார்ப்பாள். நகுலேஸ்வரி அன்ரிக்குக் காட்டக்கூடாதவற்றை மூடிவிட்டு மிச்சத்தை விட்டுவைப்பாள். கிருஷ்ணராசாவின் முகத்தைத் தேடித்தான் பார்த்தாள். அவரை அவளுக்கு ஒரு பழைய படத்தில்தான் தெரியும். சமாதான காலத்தில் அவர் அனுப்பிய படம். அதில் லோஜினிக்கு எட்டு வயதிருக்கும், முன்பல் இல்லை. றொஷானி அதைப் பல்கலைக்கழகத்தில் ஸ்கான் பண்ணிக் கணினியில் வைத்திருந்தாள்.

அதே திரையில் இன்னொரு பக்கம் அவளுடைய ஃபேஸ்புக் திறந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் சினேகிதர்கள் வசந்தத்தை வரவேற்று மூட்டிய பெருநெருப்பின் முன்னால் பியர்க் குவளைகளோடு நின்றார்கள். இந்தப் பக்கமும் நெருப்பு, அந்தப் பக்கமும் நெருப்பு என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பக்கத்தை மூடினாள். வலைப்பதிவில் ஒருமுறை வன்னியைப் பற்றி எழுதிப் பார்த்தாள். எல்லாம் சரியாகும் என்று ஒரு சிரிப்பு முகம் போட்டு ஒருத்தி எழுதியிருந்தாள். முன்னைப்போலப் பகிடியாக எப்போது எழுதப்போகிறாய் என்று இன்னொருவன் கேட்டிருந்தான். அவர்களில் அவளுக்குக் கோபம் வரவில்லை. பதில் எழுதவும் இல்லை.

அந்த நாட்களில்தான் பெருந்தொகைச் சனம் கடல் நீரேரியைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த படங்கள் வெளியாகின. இடுப்பளவு தண்ணீரில் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் கூட்டம். ஒரு படத்தின் ஓரத்தில் ஊதாச் சட்டை போட்ட பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை தனியாக நின்றாள். அருகில் பெரியவர்கள் எவரும் இல்லை.

நகுலேஸ்வரி அந்தப் படத்தை விட்டு நகர விடவில்லை. "பிள்ளை, இதைப் பெருசாக்கும்" என்றார். றொஷானி பெரிதாக்கினாள். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தாள். நகுலேஸ்வரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எங்கட லோஜினி. வடிவாப் பாரும். தம்பியின்ர நெத்தி."

றொஷானிக்கு அந்த முகத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பல வாரங்களாகச் சோறு வாயில் வைக்காமல் தேத்தண்ணீரில் இருந்த மனுசி இப்போது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அன்ரி, லோஜினிதான்" என்றாள்.

புவனேந்திரன் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இதை வைத்து எதையும் சொல்ல ஏலாது என்றார். நகுலேஸ்வரி அவரோடு வாதாடவில்லை. அன்று இரவு முதல்தடவையாக வயிறாரச் சாப்பிட்டார்.

இந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளும்படி கேட்டு றொஷானி படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாள். அது அவள் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் கண்ணீர் முகங்களைப் போட்டார்கள். ஒருவன் படத்தின் கீழே மெழுகுதிரி வரைந்து ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதினான். பிள்ளை உயிரோடு நிற்கிறாள் என்று றொஷானி அவனுக்கு எழுதினாள். மெழுகுதிரியோடான படமே பிறகு கூடுதலாகப் பரவியது.

அப்போது பாராளுமன்றத்துக்கு முன்னால் தமிழர்கள் நாள்தோறும் கூடிக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நகுலேஸ்வரியும் போவார். ஒருநாள் அங்கே ஒரு இளைஞன் பிடித்திருந்த சுலோக மட்டையில் அந்த ஊதாச் சட்டைப் பிள்ளையைக் கண்டார், மெழுகுதிரியோடு. கிட்டப் போய், இது தன் தம்பியின் மகள் என்றார். அவன் மட்டையை அவரிடமே கொடுத்துவிட்டான். நகுலேஸ்வரி மெழுகுதிரி இருந்த பகுதியை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பாதாள ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சில நாட்களில் வால்தம்ஸ்டோவிலிருந்து டொலறஸ் என்ற பெண் றொஷானிக்குச் செய்தி அனுப்பினார். நேரில் வந்து பேச வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார். ஞாயிறு பூசை முடிந்து நேராகக் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தார். மெலிந்த, தாழ்ந்த குரலில் பேசுகிற மனுசி. சமையலறையில் உட்கார்ந்து படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இது என்ர தங்கச்சியின்ர மகள் அனிற்றா. அந்த ஊதாச் சட்டை நான் அனுப்பினது. இஞ்ச சந்தையில வாங்கினனான். கழுத்தில வெள்ளைப் பின்னல் இருக்குப் பாருங்கோ."

கழுத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. பின்னலா வெயிலா என்று சொல்ல முடியவில்லை. நகுலேஸ்வரி திரையைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"சட்டை ஒரு சாட்சியோ? பங்கருக்குள்ள ஆற்ற சட்டையை ஆர் போட்டிருக்கினமோ, ஆருக்குத் தெரியும்?"

டொலறஸ் அதுவும் உண்மைதான் என்றார். பிறகு, வவுனியாவில் முகாம்களுக்குப் போய்வரும் ஒரு கத்தோலிக்கச் சுவாமியைத் தனக்குத் தெரியும் என்றும், இரண்டு பெயரையும் எழுதிப் படத்தோடு அனுப்பினால் அவர் விசாரிப்பார் என்றும் சொன்னார். றொஷானி அங்கேயே ஒரு மின்னஞ்சல் எழுதினாள். லோஜினி, அனிற்றா என்று இரண்டு பெயர், ஒரு முகம். போகும்போது டொலறஸ் நகுலேஸ்வரியைக் கட்டிப்பிடித்தார். நகுலேஸ்வரி கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்.

மே நடுப்பகுதியில், ஐரோப்பாவின் பாட்டுப் போட்டி முடிவைப் பற்றி றொஷானியின் சினேகிதர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த வாரக் கடைசியில், வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நகுலேஸ்வரி அழவில்லை. லோஜினி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டாள்தானே என்றார். மகளைத் தேடித் தாயும் தகப்பனும் பின்னால் வந்திருப்பார்கள் என்றும் சொன்னார். அந்தப் படத்தை நம்பித்தான் அவர் அந்தக் கிழமையைத் தாண்டினார். றொஷானி வகுப்பில் ஆசிரியர் காட்டிய நகர வரைபடங்களில் வீதிகள் எங்கே முடிகின்றன என்று பார்த்தபடியே இருந்தாள். பரீட்சை ஒன்றில் தவறினாள். தாய் தகப்பனுக்கு அதைச் சொல்லவில்லை.

ஓகஸ்ட்டில் ஒரு பின்னேரம் டொலறஸ் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் கேட்டது றொஷானி. சுவாமி பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார். டொலறஸோடு ஒரு நிமிடம் பேசவும் கொடுத்திருக்கிறார். படத்தில் நின்றது அனிற்றா. தண்ணீருக்குள் இருந்து கரைக்கு ஏறியபோது ஒருவன் கமெராவோடு நின்றது அவளுக்கு நினைவிருந்தது. தாய் தகப்பன் எங்கே என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லையாம். டொலறஸ் சந்தோசப்படுகிறாரா அழுகிறாரா என்று றொஷானிக்குப் பிடிபடவில்லை. லோஜினியைப் பற்றிச் சுவாமி எதுவும் அறியவில்லை. அக்காவுக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கோ பிள்ளை என்று கேட்டுக்கொண்டு வைத்தார்.

பக்குவமாகச் சொல்லும் அளவுக்கு அவளிடம் தமிழ் இருக்கவில்லை. அடுப்படியில் நின்ற நகுலேஸ்வரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நல்லது. ஒரு பிள்ளையாவது இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீர் அண்டைக்கு ஓம் எண்டனீர். உமக்கு உண்மையா அப்பிடித் தெரிஞ்சதோ?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி."

"எனக்கும் தெரியேல்லை. அவள் பிறக்க முந்தியே நான் வெளிக்கிட்டு வந்திட்டன். அவளை நான் ஒருநாளும் நேரில கண்டதில்லை." பிறகு அவளைப் பார்த்தார். "நீர் ஓம் எண்டு சொல்லாமல் விட்டிருந்தால் நான் அப்பவே விழுந்திருப்பன்."

றொஷானி எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். பிறகு ஃபேஸ்புக்கிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். ஆனால் மற்றவர்களின் பக்கங்களில் அது மெழுகுதிரியோடு தொடர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. எடுக்கச் சொல்லி அவள் எழுதிய செய்திகளில் பலவற்றுக்குப் பதிலே வரவில்லை.

ஒக்ரோபரில் முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவர் புவனேந்திரனின் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். கிருஷ்ணராசாவுக்கு அயலில் இருந்தவர். ஏப்ரல் தொடக்கத்திலேயே, சனம் தண்ணீரைக் கடப்பதற்கு முன்பே, அவர்கள் இருந்த பங்கருக்கு மேல் செல் விழுந்து வெடித்துவிட்டது. மூன்று பேரும் அதற்குள்தான் இருந்தார்கள். அதை மண் போட்டு மூடியவர்களில் இவரும் ஒருவர். புவனேந்திரன் கடையைப் பூட்டிவிட்டு ரூட்டிங்கிலிருந்து வீடுவரை நடந்தே வந்தார். கடை மூடும் நேரத்துக்கு முன்பே அவர் வீட்டுக்கு வந்ததைக் கண்டதுமே நகுலேஸ்வரிக்கு விளங்கிவிட்டது.

பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, கலியாணம், சாவு எல்லாவற்றுக்கும் தமிழர்கள் அறிவித்தல் கொடுக்கும் இணையத்தளம் ஒன்று இருந்தது. மரண அறிவித்தல் போடுகிற வேலையைப் புவனேந்திரன் றொஷானியிடம் கேட்டார். பெயர், பிறந்த இடம், இறந்த நாள் என்று தளம் கட்டம் கட்டமாகக் கேட்டது. இறந்த நாள் எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக அது விடவில்லை. நகுலேஸ்வரி ஒரு நாளைச் சொன்னார். றொஷானி அதை அடித்தாள். பதினைந்து வயதில் செத்த லோஜினிக்கு, வேறு படம் இல்லாததால், முன்பல் இல்லாத முகத்தையே வெட்டிப் போட வேண்டியிருந்தது. அறிவித்தலைப் பார்த்துச் சுவிஸிலும் கனடாவிலும் இருந்து உறவினர்கள் தொலைபேசி எடுத்தார்கள். சின்னப் பிள்ளையல்லவா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை, வளர்ந்திட்டாள் என்று நகுலேஸ்வரி ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

செத்தவர்களுக்காகச் செய்த அந்தியேட்டிக் கிரியைக்கு டொலறஸ் வந்து சமையலில் நின்று உதவினார். அனிற்றாவைக் கூப்பிட்டெடுக்க விசாவுக்கு எழுதியிருந்தார். அது அந்த வருடம் சரிவரவில்லை.

றொஷானி டிசம்பரில் படிப்பை முடிக்காமல் நொர்சோப்பிங்குக்குத் திரும்பினாள். மிச்சப் பரீட்சைகளை அங்கிருந்தபடி அடுத்த வருடம் எழுதித் தேறினாள். நகரசபையில் வேலை கிடைத்தது. வலைப்பதிவைத் திரும்பவும் தொடவில்லை. நகுலேஸ்வரி தானாகவே ஒரு கணினி வாங்கி எலி பிடிக்கப் பழகினார். கிழமைக்கு ஒருமுறை ஸ்கைப்பில் வருவார். தலையின் மேல்பாதியும் சமையலறைச் சுவரும்தான் திரையில் தெரியும். கமெராவைக் கொஞ்சம் கீழே சரியுங்கோ அன்ரி என்று றொஷானி சொல்லுவாள். அவர் சரிப்பார், பிறகு மறந்துவிடுவார். சாப்பிட்டீரோ, அங்க குளிரோ என்று கேட்பார். தம்பியைப் பற்றியோ லோஜினியைப் பற்றியோ பேச மாட்டார். சில நாட்களில் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போதும் அவர் இணைப்பை வெட்டுவதில்லை. அங்கே அவர் சமைப்பார், இங்கே றொஷானி தன் வேலையைப் பார்ப்பாள்.