சிவப்புப் பேனா மேல் ஒரு தபசு

எந்தப் பழங்கதையை எந்த வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம் என்று ஒரு சார்ட் தயாரித்தேன். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளி டீச்சர் நான். குழந்தை உளவியல் என்றால் கொஞ்சம் கிறுக்கு. மூன்று கட்டம் போட்டேன். ஐந்து வயது வரை கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பும் பருவம். அதற்குப் பேசும் குரங்கு, மந்திரப் பானை. எட்டு வரை சட்டதிட்டம் பிடிபடும் பருவம். அதற்கு வாக்குத் தவறாத ராஜா. ஒன்பதுக்கு மேல்தான் ஒரே விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் யோசிக்கிற பருவம். எங்கள் சங்கரன்கோவில் கதையை அந்த மூன்றாம் கட்டத்தில் வைத்தேன்.

கதை இதுதான். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று இரண்டு நாகராஜாக்களுக்குள் சண்டை. அம்மன் ஊசிமுனையில் ஒற்றைக்காலில் தபசிருந்து, இருவரையும் பாதிப் பாதியாக ஒரே உருவத்தில் வர வைத்தாள். ஓர் உருவத்தில் இரண்டு பேர் என்பது சின்னப் பிள்ளைக்கு எங்கே புரியும்?

விசைத்தறி வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் சார்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்போ ஒம்பது வயசு வரைக்கும் பிள்ளையைக் கண்ணைக் கட்டியா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ?"

"உங்களுக்கு என்ன தெரியும்? படிச்சவ நான் சொல்லுதேன்."

"அப்போ நான் முட்டாப்பயலா?"

அன்றோடு பேச்சு நின்றது. ஐந்து நாள். எங்கள் ஐந்து வயது மகள்தான் தபால்காரி. "அப்பாகிட்ட சொல்லு, தோசை ஆறுது." "அம்மாகிட்ட சொல்லு, பசிக்கலை." அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தே பிள்ளை ஓய்ந்தாள்.

இதற்கு நடுவே மனுஷன் வீம்புக்கென்றே அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். நெற்றியில் கோயில் பிரசாதப் புற்றுமண்ணோடு வந்தவள் என்னிடம் கேட்டாள்: "சாமிக்கு மூக்கு அரிச்சா எந்தப் பக்கத்துக் கை சொறியும்?"

எனக்கு ஒரே குஷி. நோட்டில் எழுதினேன்: 'முதல் கட்டம். கண்ணால் கண்டதோடு நிற்கிறாள்.' அந்த நோட்டை அவர் கண்ணில் படுகிற மாதிரி டிவி மேஜையில் வைத்தேன். அவ்வளவு நல்ல புத்தி எனக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பார்த்தால் மகள் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஊசி கிடைக்கவில்லையாம், காலுக்கடியில் பேப்பர் திருத்துகிற என் சிவப்புப் பேனா.

"என்ன தாயி பண்ணுத?"

"தபசு இருக்கேன்."

அதையும் எழுதினேன்: 'பார்த்ததைச் செய்து பார்க்கிறாள்.' தோசையை நின்றபடியே தின்றாள். "கால் மாத்துதியே, அம்மன் மாத்துச்சா?" என்று சீண்டினேன். "அம்மன் பெரிய பிள்ளை," என்றாள். சிரித்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். மத்தியானமும் அவள் உட்காரவில்லை. முழங்கால் நடுங்கியது. நான் தூக்கப் போனால் ஃப்ரிட்ஜ் கைப்பிடியை விடாமல் அழுதாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

தறியிலிருந்து சாப்பிட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "எதுக்கு மக்கா தபசு?" என்று கேட்டார்.

"நீங்களும் அம்மாவும் யாரு பெருசுனு சண்டை போடுதீங்கல்லா? ரெண்டு பேரும் ஒண்ணா வரணும். அதுக்கு."

மூன்றாம் கட்டம். ஒன்பது வயதுக்கு மேல். டிவி மேஜையில் இருந்த நோட்டைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. என் படிப்பைக் காட்டுவதற்காகப் பிள்ளையைக் காலையிலிருந்து நிற்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"தூக்குங்க அவளை," என்றேன். ஐந்து நாளில் அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அவள் மசியவில்லை. "ஒட்டி நில்லுங்க. பாதிப் பாதியா."

நின்றோம். அவருடைய தோள் என் தோளில் இடித்தது. தறிப் பஞ்சு அவர் சட்டையிலிருந்து என் சேலையில் ஒட்டியது. மகள் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அப்பா பக்கம் தொப்பை இருக்கு," என்றாள். "பரவால்ல."

பிறகு காலை இறக்கி, பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீங்களே பேசிக்கிடுங்க. எனக்குக் காலு வலிக்கு."