பின்சுவரில் ஒரு ஜன்னல்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில், அடுத்தடுத்த இரண்டு காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள், எங்களுடையவை. ஒன்றில் நானும் கணவரும். மற்றதில் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் அவர்கள் குழந்தையும். முன்னால் ஒரு கதவு உண்டு. பின்சுவரில் ஒரு துளைகூடக் கிடையாது. நடுச்சுவர் கூரைவரை எட்டாததால் அடுப்புப் புகை இரண்டு வீட்டிலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

தம்பிக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், வேலை. ஒரு வருடம் வீட்டைத் திருத்த ஆரம்பித்தான். தரைக்குச் சிமெந்து பூசிச் சிவப்புச் சாயம் போட்டான். நின்றுகொண்டே சமைக்கும்படி அடுப்பு மேடை கட்டினான். தேயிலைப் பெட்டிப் பலகைகளால் நடுச்சுவருக்கு மேலிருந்த இடைவெளியை அடைத்தான். அதன் பிறகு என் வீட்டுப் புகை முழுவதும் எனக்கே.

கணவரோ தோட்டத்து மேசன். "ஊரு சுவரெல்லாம் கட்டுறீங்க. நம்ம வீட்டுக்கு என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"துரைகிட்ட கேக்காம கை வச்சா யாரு பதில் சொல்றது?"

தோட்டத்தை நடத்தும் துரையின் சம்மதம் வேண்டும் என்ற அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பின்சுவரை உடைத்துக் கண்ணாடி ஜன்னல் பதித்தான். தம்பி மனைவி என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினாள். "பாருங்கக்கா, மலையே தெரியுது!"

"நல்லா இருக்கு" என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. என்னைவிட எட்டு வயது இளையவள். வெளிச்சத்தில் நின்று சமைக்கிறாள். நான் இருட்டில் குந்தி இருமுகிறேன்.

மறுநாள் நான் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "பின்சுவரை உடைச்சு ஜன்னல் வச்சிருக்காங்களே, துரை சம்மதிச்சாங்களாங்க ஐயா?"

இரண்டே நாளில் ஜன்னலை அடைக்க உத்தரவு வந்தது. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் அந்த வேலையை என் கணவருக்கே கொடுத்தார்கள். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. தம்பி கல்லை எடுத்துக்கொடுக்க, அண்ணன் அடைத்தார். சாயங்காலம் வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"எவன் சொன்னான்னு தெரியல. அவன் நல்லா இருப்பானா?" என்றார். நான் குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

கழற்றிய ஜன்னலை அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்க வீட்ல வச்சா புள்ள ஒடச்சிரும். உங்ககிட்ட இருக்கட்டும்க்கா." அடுத்த ஏழு மாதம் அது என் பாய்க்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. தினமும் அதைத் துடைத்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

பிறகு தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். தம்பி மனு எழுதினான், இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே. அனுமதி கிடைத்தது. என் கணவர் இரண்டு வீட்டுப் பின்சுவர்களையும் ஒரே நாளில் உடைத்து, என்னிடம் இருந்த ஜன்னலை அவர்களுக்கும் புதிய ஒன்றை எங்களுக்கும் பதித்தார். என் அடுப்படிக்கு முதன்முதலாகப் பகல் வந்தது. அவள் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள்.

அவர்கள் வெளியே போன நேரம் பார்த்து இரண்டு ஜன்னல்களையும் சாண் போட்டு அளந்தேன். என்னுடையது நான்கு விரல் சிறியது. அன்று முழுவதும் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை.