கடைமடையிலிருந்து ஒரு விண்ணப்பம்

இந்த நாட்டில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிடுகிறார்கள். கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. தஞ்சாவூரில் பாசன அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறது, எதன்மேல் துண்டு விரித்திருக்கிறது என்று பார்த்தே யார் பேசுவார், யார் தலையாட்டுவார் என்று சொல்லிவிடுவேன். வட்டத்தில் அது தெரிவதில்லை. எல்லோரும் சமம் என்கிறார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ஒருவர்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அப்போது ஊர் ஞாபகம் வந்து மனசு சமாதானமாகிவிடும்.

தொண்ணூறுகளில் தஞ்சாவூரின் எல்லாத் தெருக்களிலும் கம்ப்யூட்டர் வகுப்புகள் முளைத்தபோது ஒன்றில் என் மகளைச் சேர்த்தேன். அதன் பலனாக இன்று கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறேன். உங்களில் பலர் வந்த வழியும் இதுதான் என்பதால் விவரிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் அப்படியொரு வட்டத்துக்குள் நானும் உட்கார நேர்ந்தது. இங்குள்ள ஒரு கலை அமைப்பு, பல நாடுகளிலிருந்து இளைஞர்களை வரவழைத்து, சில மாதங்கள் நாடக அரங்குகளில் பழக்கி, எதிர்காலக் கலைத் தலைவர்களாகத் திருப்பி அனுப்புகிறது. தலைவர்களை உருவாக்க நம் ஊரில் இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. சுவரொட்டி அடித்தால் போதும். தேர்வுக் குழுவில் குடியேறியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. தமிழ்நாட்டிலிருந்து ஒரு விண்ணப்பமும் வந்திருக்கவே, நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்கும் என்னைப் பிடித்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பும் என் பொறுப்பு. குழுவை நடத்தியவர் ஃபியோனா. வட்டத்தில் தலைவி கிடையாது என்பதால் அவருக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர்.

விண்ணப்பித்தவள் அதிராம்பட்டினத்து ஷமீமா. பள்ளிக்கூட மைதானங்களில் நாடகம் போடும் ஒரு குழுவில் விளக்கு வேலை பார்ப்பவள். கணினித் திரையில் அவள் முகம் வந்ததும், பின்னால் தெருவில் மீன்காரரின் வண்டி ஹாரன் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஒரு நிமிடம் எனக்குக் கேள்விகளே மறந்துபோயின. கருவாட்டு மணம்கூட வந்தது என்று சொல்வேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

நாடகக் குழுவில் இதற்கு உங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஃபியோனா கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“எல்லாரும் ஒரு தடவ போயிட்டு வந்துட்டாங்க சார். செல்வி கேரளா போனா, அன்வர் டெல்லி போனான். நான் கடைசியா சேந்த ஆளு, எங்கயும் போனதில்ல. அதனால இது எனக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க.”

“அப்ப உங்களவிட நல்லா பண்றவங்க இருக்காங்களான்னு கேக்குறாங்க.”

“ஏன் இல்லாம? செல்வி நடிச்சா நீங்க எடத்த விட்டு எந்திரிக்க மாட்டீங்க!”

அப்படியே மொழிபெயர்த்தேன். ஃபியோனா ஏதோ எழுதினார். எந்த நாட்டு எழுத்தானாலும், நிராகரிக்கிற பேனாவின் வேகம் எனக்குத் தெரியும்.

எனக்கு ஊரின் ஜூன் மாதங்கள் நினைவுக்கு வந்தன. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்ததும் ஜீப்பில் அதற்கு முன்னால் போவோம். வெடித்த மண்ணில் நுரையையும் சருகையும் சுருட்டிக்கொண்டு தண்ணீர் நிதானமாக நகர்ந்து வரும். கூடவே கரையில் ஜனங்களும் நடந்து வருவார்கள், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைப்போம். வாய்க்கால் முடிகிற கடைசி வயல்களான கடைமடைக்கு முதலில் விட வேண்டும். அப்புறம்தான் மேலே இருப்பவர்களுக்கு. அந்தச் சுற்றறிக்கைகளை வரைந்தவன் நான். இவ்வளவு நியாயமான ஏற்பாடு உலகில் வேறெங்கும் இல்லை என்று இங்கே கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் செய்திருப்பதும் அதுதானே!

உறுப்பினர் எவரும் ஒரு துணைக்கேள்வி கேட்கலாம் என்று அவர்கள் விதிமுறையின் பின்பக்கத்தில் இருந்தது. பின்பக்கங்களைப் படிப்பவன் நான். கேட்டேன்.

“ஏம்மா, முறை வெச்சா உங்க பக்கத்துல தண்ணி யாருக்கு முதல்ல வரும்?”

அவள் முழித்தாள். “சார் எந்த ஊரு?”

“தஞ்சாவூர். பாசன ஆபீஸ்ல இருந்தேன்.”

“அதான பாத்தேன்!” என்று சிரித்தாள். “எங்க அம்மா ஊரு கடைமடைதான் சார். முறை பேப்பர்ல வரும். வாய்க்கால்ல நண்டு வரும்.”

“நண்டா?”

“தண்ணி இல்லாத வாய்க்கால்ல வேற என்ன சார் நடந்து வரும்?”

அவள் பக்கத்தில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களை அதட்டிவிட்டுச் சொன்னாள்: “மேலேருந்து ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் எதுவும் வந்து சேராது சார். பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு. அதான் எங்க குரூப்ல கடைசி ஆள்லேருந்து ஆரம்பிக்கிறோம்.”

நண்டு உட்பட எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். வட்டம் சிரித்தது. அவள் போனபின் ஃபியோனா, “அழகான கதை. ஆனால் வரிசையில் நிற்பது தலைமை ஆகாதே” என்றார். வரிசைக்குப் பெயர்போன நாட்டில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள் என்றேன். யாருக்கு முதலிடம் என்று முடிவு செய்து, அந்த முடிவிலிருந்து பிசகாமல் நிற்பதற்கு எங்கள் ஊரில் அரசாங்கத்தாலேயே முடியவில்லை, இந்தப் பிள்ளைகளால் முடிந்திருக்கிறது என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். என் மாற்றுக்கருத்து முறைப்படி பதிவானது. இருந்த ஓர் இடம், மூன்று அமைப்புகளை நிறுவி மூன்றுக்கும் தானே தலைவராக இருக்கும் ஓர் இளைஞனுக்குப் போனது.

செய்தியை நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இங்கே மதியம், அங்கே பொழுது சாய்கிற நேரத்தில் ஷமீமாவைப் போனில் கூப்பிட்டேன்.

“கெடைக்கலம்மா.”

“துபாய்லேருந்து அண்ணன் குளிர் கோட்டு அனுப்பிட்டாங்க சார்” என்றாள். “இங்க அத போட்டா வெந்துருவேன்.”

“அடுத்த வருஷம் மறுபடியும் அப்ளிகேஷன் போடும்மா. நான் பாத்துக்கறேன்.”

“அடுத்த வருஷம் எனக்கு இல்ல சார். புதுசா ரெண்டு பேரு சேந்திருக்காங்க.”

அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளப் பேனாவைத் தேடினேன்.

“ஒரு நிமிஷம் சார், கூப்புடுறாங்க” என்று போனை எங்கேயோ வைத்தாள். வைத்தவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டது. காகங்கள் அடையும் இரைச்சலுக்கு நடுவே பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள். பிறகு ஒரு குரல்: “ஷமீமாக்கா, லைட்ட இங்கயே கட்டிட்டோம்.”

“யாரு கட்டச் சொன்னா? பின்னாடி போயி தரையில உக்காரு. செல்வி மூஞ்சி தெரியுதா?”

“தெரியலக்கா.”

“அப்ப அவுரு. எல்லாத்தையும் மாத்திக் கட்டணும்.”

“இவளுக்கு வேற வேலை இல்ல” என்று ஒரு ஆண்குரல் முணுமுணுத்தது. அன்வராக இருக்கும்.

“அன்வரு, ஏணிய புடி!”

ஏணி நகர்ந்தது.

சமையலறையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, யாரும் பேசலையே. போன வெச்சிட்டு சாப்பிட வாங்களேன்.”

“இரும்மா, லைட்டு கட்டுறாங்க” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே போய் மேஜையில் உட்கார்ந்தேன். மகள் தட்டை வைத்தாள். நான் சோற்றில் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அதிராம்பட்டினத்தில் யாரோ கடைசி வரிசையிலிருந்து, “இப்ப தெரியுதுக்கா” என்று கத்தினார்கள்.